விடுமுறையில் நீள் வகுத்தல்: கொண்டாட்டக் கணக்குத் தாளை நீங்களே தயாரிக்கும் முறை

தவணை விடுமுறையில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு முதலில் மறந்துபோவது வகுத்தல்தான். கூட்டலும் கழித்தலும் கடைக்குப் போய்வந்தாலே நினைவில் நிற்கும். நீள் வகுத்தலில் வாய்பாடு, பெருக்கல், கழித்தல், இடப்பெறுமானம் எல்லாம் ஒரே கணக்குக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். மூன்று கிழமை தொடாமல் விட்டால் அதில் ஏதோ ஒன்று கழன்றுவிடும். பிறகு பிள்ளைக்கு எல்லாமே தெரியாததுபோலத் தோன்றும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கோ, ஊர் சனசமூக நிலையத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கோ முதன்முதலாகப் பயிற்சித் தாள் தயாரிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் ஆசிரியராக இருக்கவேண்டியதில்லை. 9 ஆம் வாய்பாடு வரை தடுமாறாமல் சொல்லத் தெரிந்த அக்காவோ அண்ணாவோ போதும். இணையத்தில் கிடைக்கும் நத்தார் தாத்தா படம் போட்ட தாளை எடுத்து ஐம்பது கணக்கை ஒரேயடியாகக் கொடுப்பதுதான் பலரும் செய்வது. அதில் படம் மட்டுமே கொண்டாட்டம். கணக்குக்கும் நத்தாருக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. உண்மையான கொண்டாட்டத்துக்குள் பங்கு வைத்தல், பெட்டி கட்டுதல், வரிசை அடுக்குதல் என்று வகுத்தல் நிறையவே கிடக்கிறது. அதை எடுத்தால் பிள்ளை தன் விடை சரியா பிழையா என்பதைத் தானே கண்டுபிடிக்கும்.

1. முதலில் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள்

மூன்று பொருள் கையில் வேண்டும்: பிள்ளையின் கணிதக் கொப்பி, கடைசித் தவணைப் பரீட்சை வினாத்தாள், பாடநூல். பாடநூல் கிழிந்திருந்தாலோ பாடசாலையில் விட்டுவந்திருந்தாலோ கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிமூல நூல்களைக் காசில்லாமல் இறக்கலாம். முழு நூலையும் அச்சடிக்காதீர்கள், வகுத்தல் அலகு மட்டும் போதும்.

கொப்பியில் பார்க்கவேண்டியது புள்ளிகளை அல்ல. ஈவை (வகுத்தால் வரும் விடையை) எங்கே எழுதுகிறார்கள், மீதியை எப்படிக் குறிக்கிறார்கள், என்னென்ன சொற்களைப் பாவிக்கிறார்கள் என்பவற்றைப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் 'பிரிக்கிற கணக்கு' என்பார்கள், பாடசாலையில் வகுத்தல் என்பார்கள். நீங்கள் படித்த காலத்து முறை வேறாக இருந்தால் அதை இந்த விடுமுறைக்கு மறந்துவிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு முறை தெரிவதைவிட ஒன்று உறுதியாகத் தெரிவது நல்லது.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் இந்த ஆறு கணக்கையும் எழுதிக் கொடுங்கள்:

84 ÷ 4
72 ÷ 3
95 ÷ 4
256 ÷ 8
624 ÷ 6
722 ÷ 9

விடைகள்: 21, 24, 23 மீதி 3, 32, 104, 80 மீதி 2. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியைச் சோதிக்கிறது. முதலாவதில் பத்துகளும் ஒன்றுகளும் தனித்தனியே சரியாகப் பிரியும். இரண்டாவதில் பத்தினிடத்தில் மிஞ்சுவதை ஒன்றினிடத்துக்குக் கொண்டுவரவேண்டும். மூன்றாவதில் கடைசியில் மீதி வரும். நான்காவதில் முதல் இலக்கம் வகுக்கும் எண்ணைவிடச் சிறியது. ஐந்தாவதில் ஈவின் நடுவில் பூச்சியம் வருகிறது, ஆறாவதில் கடைசியில் பூச்சியமும் மீதியும் சேர்ந்து வருகின்றன. பிள்ளை எந்த இடத்தில் முதலில் பிழைவிடுகிறதோ அதற்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்குங்கள். இந்தத் தாளை எறியவேண்டாம், திகதி எழுதி வையுங்கள்.

நேரம் வைத்துச் செய்யவிடாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கடிகாரம் ஏற்கெனவே போதிய அளவு பழகியிருக்கும்.

2. நாளையும் அளவையும் கணக்கிடுங்கள்

சித்திரை, ஆவணி, மார்கழி என்று வழமையாக மூன்று விடுமுறை. ஒவ்வொன்றுக்கும் அருகில் ஏதோ ஒரு கொண்டாட்டம் இருக்கும். நாட்காட்டியில் விடுமுறை தொடங்கும் நாள், முடியும் நாள், வீட்டுக் கொண்டாட்டம், ஊர்க் கோயில் திருவிழா, பயணம் போகும் நாட்கள் எல்லாவற்றையும் குறித்த பிறகு மிஞ்சும் நாட்களைத்தான் எண்ணவேண்டும்.

ஆவணி விடுமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாட்கள். கொடியேற்றம், மஞ்சம், சப்பரம், தேர், தீர்த்தம் ஆகிய ஐந்து நாளும் கணக்குத் தாளைத் தொடவேண்டாம். 24 ஆம் நாள் தேர், விடியமுன் எழும்பிப் போய்வந்த பிள்ளையைப் பின்னேரம் மேசையில் இருத்தினால் கணக்கும் வராது, அடுத்த நாளும் கசக்கும். மிஞ்சுவது 20 நாள். நாளுக்கு 4 கணக்கு என்றால் 80 கணக்கு. ஒரு விடுமுறைக்கு இது தாராளம். திருவிழா நாட்களும் பாடசாலை விடுமுறையும் ஒவ்வொரு ஆண்டும் ஒரேமாதிரிப் பொருந்தி வராது, ஆகவே போன வருடத் திட்டத்தை அப்படியே எடுக்கமுடியாது.

நாளுக்கு நான்குதானா என்று கேட்பீர்கள். ஆம், நான்குதான். மூன்று வெறும் எண் கணக்கு, ஒன்று கதைக்கணக்கு. பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் முடியவேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தொலைக்காட்சி போடமுதல் உள்ள நேரம் நல்லது. இரவு வேண்டாம். விடுபட்ட நாளின் நான்கையும் மறுநாள் சேர்த்து எட்டாக்கவும் வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள்.

விடுமுறையின் முதல் இரண்டு நாளும் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

3. சாமானும் செலவும்

சதுரக்கோடு போட்ட கொப்பி ஒன்று கட்டாயம் வேண்டும். நீள் வகுத்தலில் வரும் பிழைகளில் ஒரு பெரிய பங்கு கணக்குப் பிழையே அல்ல. இலக்கங்கள் நிரை சரிந்து, பத்தினிடத்து எண்ணிலிருந்து ஒன்றினிடத்து எண்ணைக் கழிப்பதால் வருவது. ஒரு சதுரத்துக்குள் ஒரு இலக்கம் என்று எழுதினால் அது நின்றுவிடும். சதுரம் சிறிதாக இருந்தால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பென்சில், அழிறப்பர், அடிமட்டம் வீட்டில் இருக்கும்.

அடுத்தது ஈர்க்கு. புது விளக்குமாறு கட்டும்போது விழும் ஈர்க்கை விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக இறப்பர் பாண்ட் போட்டுக் கட்டுங்கள். 9 கட்டும் 20 உதிரியும் போதும். அந்தக் கட்டுகளை வைத்து 72 ÷ 3 ஐ ஒரு முறை செய்துகாட்டவேண்டும். ஏழு கட்டு, இரண்டு உதிரி. மூன்று கடதாசியை விரித்து வையுங்கள். கட்டுகளை முதலில் பங்கிடச் சொல்லுங்கள். கடதாசிக்கு இரண்டு கட்டு போகும், ஒரு கட்டு கையில் நிற்கும். அதை மூன்றாக வைக்கமுடியாது. இப்போது பிள்ளையே இறப்பர் பாண்டைக் கழற்றவேண்டும். நீங்கள் கழற்றாதீர்கள். கட்டு அவிழ்ந்து பத்து உதிரி, ஏற்கெனவே கிடந்த இரண்டு உதிரி, சேர்த்துப் பன்னிரண்டு. கடதாசிக்கு நான்கு. ஒவ்வொரு கடதாசியிலும் 24.

உடனே கொப்பியில் அதே கணக்கை எழுதுங்கள். 7 இல் 6 போக 1 என்று வருகிறதே, அந்த 1 தான் கையில் நின்ற கட்டு. அதற்குப் பக்கத்தில் 2 ஐ இறக்கினால் 12 வருகிறதே, அதுதான் கட்டை அவிழ்த்து உதிரியோடு சேர்த்தது. 'இறக்கு' என்று ஆசிரியர் ஏன் சொல்கிறார் என்பது பல பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் விளங்கும். இரண்டு நாள் ஈர்க்கு, பிறகு கொப்பி மட்டும். மூன்று இலக்க எண்களுக்கு ஈர்க்கு தேடி அலையவேண்டாம். புளியங்கொட்டையும் சிலர் பாவிப்பார்கள், ஆனால் அதைப் பத்தாகக் கட்டமுடியாது. பங்கிடக் காட்டலாம், இடப்பெறுமானம் காட்டமுடியாது.

ஒரு பிள்ளை என்றால் கையால் எழுதிக் கொடுப்பதே மலிவு. பன்னிரண்டு பேர் என்றால் இப்படிக் கணக்குப் போடுங்கள். ஒரு பக்கத்தில் 8 கணக்கு, அதற்குமேல் போட்டால் செய்கைக்கு இடம் இராது. 80 கணக்குக்கு 10 பக்கம், இருபுறமும் அடித்தால் பிள்ளைக்கு 5 தாள். பன்னிரண்டு பேருக்கு 60 தாள், 120 பக்கம். ஒருபுற விலை, இருபுற விலை இரண்டையும் கடையில் முதலே கேளுங்கள். சில இடங்களில் இருபுறம் அடிப்பது மலிவு, சில இடங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே காசு. நிற அச்சு தேவையே இல்லை. மூலத்தாளைக் கறுப்புப் பேனையால் எழுதுங்கள், பென்சிலில் எழுதினால் போட்டோக்கொப்பியில் மங்கும்.

கணினியில் அடிப்பவர்களுக்கு இரண்டு பொறி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே கடைக்கு அனுப்பினால், அங்கே பாமினி இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பெருக்கல் குறிக்குப் பதிலாக எக்ஸ் எழுத்தை அடிக்கும் பழக்கம் இருந்தால் பாமினியில் அது 'ஒ' என்று விழும். '24 ஒ 3' என்ற தாள் பிள்ளை கைக்குப் போனபிறகு கண்டு பயனில்லை. பிடிஎவ் ஆக மாற்றி, கைத்தொலைபேசியில் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். மற்றது, இணையத்திலிருந்து எடுக்கும் அமெரிக்கத் தாள்கள் லெட்டர் அளவில் இருக்கும். அது நமது ஏ4 ஐவிட 6 மில்லிமீற்றர் அகலம் கூடியது, 18 மில்லிமீற்றர் உயரம் குறைந்தது. தாளுக்குப் பொருத்தி அச்சடிக்கச் சொல்லாவிட்டால் வலது ஓரத்தில் ஒரு இலக்கம் வெட்டுப்படலாம். 735 என்பது 73 ஆகிவிட்டால் பிள்ளை அதையும் வகுத்துத்தான் வைக்கும்.

4. எண்களைப் பின்னாலிருந்து கட்டுங்கள்

வாயில் வந்த எண்ணைப் போடக்கூடாது. 565 ÷ 7 என்று எழுதிவிட்டு அதில் என்ன வருகிறது என்று பிறகு பார்ப்பவர்கள், முதல் நாளே பூச்சியமும் மீதியும் கலந்த கணக்கைக் கொடுத்துப் பிள்ளையைக் குழப்பிவிடுவார்கள். முதலில் வகுக்கும் எண், பிறகு ஈவு, பிறகு மீதி. மூன்றையும் நீங்களே தெரிவுசெய்து, வகுக்கும் எண்ணையும் ஈவையும் பெருக்கி மீதியைக் கூட்டுங்கள். வருவதுதான் வகுபடும் எண். வகுக்கும் எண் 6, ஈவு 36, மீதி 2 என்றால் 216 உம் 2 உம் சேர்ந்து 218. தாளில் 218 ÷ 6 என்று எழுதுங்கள். விடைத்தாள் தனியாகத் தயாரிக்கும் வேலையும் மிச்சம்.

மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். இதை மறந்து 6 இற்கு மீதி 7 போடுவது தயாரிப்பவர்களும் விடும் பிழை.

ஆறு படிகளுக்கும் இந்த முறையிலேயே எண் கட்டலாம். நடுவில் பூச்சியம் வேண்டுமா, ஈவை 104, 203, 107 என்று வையுங்கள். 4 × 203 = 812, மீதி 3, ஆகவே 815 ÷ 4. கடைசியில் பூச்சியம் வேண்டுமா, ஈவு 140, வகுக்கும் எண் 6, மீதி 3, ஆகவே 843 ÷ 6. முதல் இலக்கம் போகாத கணக்கு வேண்டுமா, ஈவு 25, வகுக்கும் எண் 7, ஆகவே 175 ÷ 7.

2, 5 ஆல் வகுக்கும் கணக்கை முதல் மூன்று நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பழகவேண்டியது 6, 7, 8, 9. வாய்பாடு தடுமாறும் பிள்ளைக்கு அந்த வாய்பாட்டை ஒரு மட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இதை ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வகுத்தல் பழகும்போது வாய்பாட்டையும் சேர்த்துச் சோதித்தால் எது பிழைத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வாய்பாட்டுக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

5. கதைக்கணக்கில் கொண்டாட்டம் வேலை செய்யவேண்டும்

இந்தப் பகுதியில் கூடிய நேரம் செலவழியுங்கள். கதைக்கணக்கு எழுதும்போது ஒரே கேள்வியை மனதில் வையுங்கள்: இந்தக் கொண்டாட்டத்தில் யாராவது உண்மையிலேயே இப்படிப் பிரிப்பார்களா? '468 பட்டாசை 9 பேர் பங்கிட்டால்' என்று எழுதினால் கணக்குச் சரி, ஆனால் பிள்ளைக்கு அது வெறும் எண். கொழுக்கட்டையைப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவதைப் பிள்ளை கண்ணால் பார்த்திருக்கிறது. தட்டோடு ஓடிப்போய்க் கொடுத்துவந்ததும் அதுதான்.

பங்கு வைப்பது ஒரு வகை: 75 கொழுக்கட்டையை 6 வீட்டுக்குச் சமமாக அனுப்பினால் வீட்டுக்கு எத்தனை? கட்டுக் கட்டாகப் பிரிப்பது இன்னொரு வகை: 218 பனங்கட்டிக் குட்டானைப் பெட்டிக்கு 6 ஆக அடுக்கினால் எத்தனை பெட்டி? எழுதும் செய்கை ஒன்றுதான், ஆனால் கேள்வி வேறு. தாள்களில் பெரும்பாலும் முதல் வகை மட்டுமே வரும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மீதியை என்ன செய்வது என்பதுதான் கதைக்கணக்கின் உயிர். வெறும் எண் கணக்கில் 'மீதி 3' என்று எழுதிவிட்டுப் போகலாம். கதையில் அந்த 3 எங்கேயாவது போகவேண்டும்.

ஆடிப்பிறப்பு: 75 கொழுக்கட்டை, 6 வீடு. வீட்டுக்கு 12, மீதி 3. அந்த மூன்றும் நம் வீட்டில் நிற்கும். இது மீதி தங்கும் கணக்கு.

அறநெறிப் பாடசாலை நவராத்திரி விழா: 173 பிள்ளைகள், ஒரு வாங்கில் 5 பேர். எத்தனை வாங்கு வேண்டும்? 34 வாங்கு நிறைந்து 3 பேர் நிற்பார்கள். அவர்களை நிற்கவிடமுடியுமா? ஆகவே 35. இங்கே மீதிக்காக ஒன்று கூடும். பிள்ளைகள் பெரும்பாலும் 34 என்றே எழுதுவார்கள். 'அந்த மூன்று பேரும் எங்கே இருப்பார்கள்?' என்று மட்டும் கேளுங்கள், விடையைச் சொல்லாதீர்கள்.

பொங்கலுக்குக் குட்டான் கட்டும் கணக்கு: 218 ÷ 6, விடை 36, மீதி 2. முழுப் பெட்டி எத்தனை என்று கேட்டால் 36. இங்கே மீதியை விட்டுவிடவேண்டும். அதே எண்ணை வைத்து 'எல்லாவற்றையும் வைக்க எத்தனை பெட்டி வேண்டும்?' என்று மறுநாள் கேளுங்கள். விடை 37. எண் மாறாமல் கேள்வி மட்டும் மாறும்போது பிள்ளை கேள்வியை வாசிக்கப் பழகும். இந்தச் சோடிக் கணக்கை ஒவ்வொரு கிழமையும் ஒன்று வையுங்கள்.

பட்டம்: தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு. 350 மீற்றர் நூலை 4 பட்டத்துக்குச் சமமாக வெட்டினால் 87 மீற்றர், மீதி 2 மீற்றர். நூலை மேலும் வெட்டலாமே! 2 மீற்றர் 200 சென்ரிமீற்றர், நான்காகப் பிரித்தால் 50. ஆகவே 87 மீற்றர் 50 சென்ரிமீற்றர். வாங்கை வெட்டமுடியாது, நூலை வெட்டலாம். இந்த வேறுபாட்டைத் தரம் 5 பிள்ளையோடு கதைத்தால் போதும், எழுதச் சொல்லி வற்புறுத்தவேண்டாம்.

இன்னும் சில, எண்ணை மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். கார்த்திகை விளக்கீட்டுக்கு 100 சிட்டி விளக்கை வரிசைக்கு 8 ஆக வைத்தால் 12 வரிசை, மீதி 4. சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடம் 960 ரூபாவை 8 பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு 120. நோன்புப் பெருநாளுக்கு 84 துண்டு வட்டிலப்பம் 7 வீட்டுக்கு, வீட்டுக்கு 12. நத்தார் ஒளிவிழாவுக்கு 612 கேக் துண்டு, பெட்டிக்கு 6. இந்தக் கடைசிக் கணக்கைத் தனியே எடுத்து வையுங்கள், கீழே வரும்.

சனசமூக நிலையத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். ஒரே சமயத்துக் கொண்டாட்டத்தை மட்டும் எழுதவேண்டாம். காசுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 'அப்பா வாங்கித்தந்த 3600 ரூபா வெடி' என்ற கணக்கை, அப்படி வாங்கமுடியாத வீட்டுப் பிள்ளையும் வாசிக்கும். கச்சான் சரை, சிட்டி விளக்கு, கொழுக்கட்டை எல்லா வீட்டுக்கும் பொதுவானவை.

வசனம் இரண்டைத் தாண்டவேண்டாம். திருவிழாவை வர்ணித்து ஐந்து வரி எழுதினால் பிள்ளை எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெரியதைச் சிறியதால் வகுத்துவிடும்.

6. ஒவ்வொரு நாளும் செய்யும் ஒழுங்கு

பென்சிலைத் தொடமுதல் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 735 ÷ 5 என்றால் 500 இல் 100 தரம் போகும், ஆகவே நூறுக்கு மேலே. இது அரை நிமிட வேலை. இதைத் தவிர்க்காதீர்கள்.

அதன்பின் வகு, பெருக்கு, கழி, இறக்கு. 735 ÷ 5 இல், 7 இற்குள் 5 ஒரு தரம், 1. ஐந்தொன்று 5. 7 இல் 5 போக 2. 3 ஐ இறக்க 23. 23 இற்குள் 5 நான்கு தரம், 20, போக 3. 5 ஐ இறக்க 35. ஏழு தரம், மீதி இல்லை. 147. முதல் கிழமை பிள்ளை நான்கு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லட்டும், பிறகு தானாகவே நிறுத்திவிடும்.

முடிவில் சரிபார்த்தல். ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் முதல் எண் வரவேண்டும். நான்கு கணக்குக்கும் சரிபார்க்கச் சொன்னால் வேலை இரட்டிப்பாகும். ஒன்றுக்கு மட்டும், அதுவும் பிள்ளை தனக்கு ஐயம் என்று சொல்லும் கணக்குக்கு.

7. எங்கே பிழைக்கும், ஏன்

612 கேக் துண்டைப் பெட்டிக்கு 6 ஆக அடுக்கும் கணக்கை இப்போது எடுங்கள். பிள்ளை தொடங்கும். 6 இற்குள் 6 ஒரு தரம், மேலே 1. கழித்தால் 0. அடுத்து 1 ஐ இறக்கும். 1 இற்குள் 6 போகாது. இந்த இடத்தில் கையைப் பாருங்கள். பல பிள்ளைகள் மேலே ஒன்றும் எழுதாமல் 2 ஐயும் இறக்கி 12 ஆக்கிவிடும். 12 இற்குள் 6 இரண்டு தரம். அந்த 2 போய் 1 இற்குப் பக்கத்தில் உட்காரும். விடை 12. கழித்தல் சரி, வாய்பாடு சரி, மீதியும் பூச்சியம். ஆகவே தனக்குப் பிழைத்தது என்று பிள்ளைக்குத் தெரியாது.

'பிழை' என்று சொல்லாமல் கேளுங்கள்: '12 பெட்டியில் ஆறு ஆறாக வைத்தால் எத்தனை துண்டு?' 72. 'மிச்சக் கேக் எங்கே?' முகம் மாறும். 500 இற்கு மேல் கேக் காணாமல் போயிருக்கிறது. கொண்டாட்டக் கணக்கின் பயன் இதுதான். வெறும் 612 ÷ 6 இல் 12 என்ற விடை யாரையும் உறுத்தாது.

திருத்தும் வழி எளிது. தொடங்கமுதல் வகுபடும் எண்ணின் ஒவ்வொரு இலக்கத்துக்கும் மேலே ஒரு வெற்றுப் பெட்டி வரையச் சொல்லுங்கள். 612 இற்கு மூன்று பெட்டி. ஒரு முறை இறக்கினால் ஒரு பெட்டி நிரம்பவேண்டும், போகாவிட்டால் 0. இப்போது 1, 0, 2 என்று 102 வரும். 256 ÷ 8 போன்றவற்றில் முதல் பெட்டியில் 0 எழுதாமல் சிறு கோடு போடட்டும், இல்லாவிட்டால் 032 என்று எழுதும். பத்து நாளில் பெட்டி வரைவதை நிறுத்தலாம்.

960 ÷ 8 இல் 12 என்று நிறுத்துவதும் இதே பிழைதான். கடைசி 0 ஐ இறக்க ஒன்றுமில்லை என்று பிள்ளை நினைக்கும். அதற்கும் பெட்டிதான் மருந்து.

மீதி பெரிதாக நிற்பது வேறு வகை. 95 ÷ 4 இல் 15 இற்குள் 4 ஐ இரண்டு தரம் என்று எடுத்தால் மீதி 7. 'இந்த 7 இல் இன்னொரு 4 எடுக்கலாமா?' என்ற கேள்வி போதும். கழித்தலில் பிழைக்கும் பிள்ளைக்கு வகுத்தலை நிறுத்தி, கடன் வாங்கிக் கழித்தலில் இரண்டு நாள் செலவழியுங்கள். அதைச் செய்யாமல் வகுத்தலையே மேலும் மேலும் கொடுப்பது வீண்.

இன்னொன்று, இணையத் தாள்களில் விடைக்கு ஏற்ப நிறம் தீட்டும் படம் இருக்கும். பிள்ளைகளுக்கு விருப்பம்தான். ஆனால் படத்தில் பாதி தெரிந்ததும் மிச்ச நிறத்தை ஊகித்துத் தீட்டிவிட்டுக் கணக்கைச் செய்யாமல் விடுவார்கள். பாவிப்பதென்றால் கொப்பியில் செய்கையைப் பார்த்த பிறகு கலர்ப் பென்சிலைக் கொடுங்கள். ஆங்கிலத் தாள்களில் மீதியை ஆர் என்ற எழுத்தால் குறிப்பார்கள், அதையும் முதலே சொல்லிவிடுங்கள்.

8. திருத்துவதும் படி ஏற்றுவதும்

அன்றைய கணக்கை அன்றே, பிள்ளை பக்கத்தில் இருக்கத் திருத்துங்கள். பெரிய சிவப்புப் புள்ளடி வேண்டாம். எந்த வரியில் பிழைத்ததோ அந்த வரிக்குப் பக்கத்தில் 'வ', 'பெ', 'க', 'இ' என்று ஒரு எழுத்துப் போடுங்கள்: வகுத்தல், பெருக்கல், கழித்தல், இறக்கல். ஒரு கிழமை கழித்துக் கொப்பியைப் புரட்டினால் எந்த எழுத்துக் கூடுதலாக நிற்கிறது என்று தெரியும். அடுத்த கிழமைத் தாள் அதிலிருந்து வரும். எல்லோருக்கும் ஒரே தாளை விடுமுறைக்கு முதலே மொத்தமாக அச்சடித்துவிட்டால் இதைச் செய்யமுடியாது, ஆகவே ஐந்து ஐந்து நாளுக்கான தாளாக அடியுங்கள். செலவு பெரிதாகக் கூடாது, கடைக்குப் போகும் தடவைதான் கூடும்.

அடுத்தடுத்த இரண்டு நாள் நான்கும் சரியாக வந்தால் அடுத்த படி. ஒரு படியில் ஐந்து நாளுக்கு மேல் நின்றால் ஒரு படி கீழே இறங்கி ஈர்க்கை மீண்டும் எடுங்கள். ஆறு படியையும் கடந்த பிள்ளைக்கு 12 அல்லது 25 ஆல் வகுக்கக் கொடுக்கலாம். ஒரு தண்ணீர்ப்பந்தலுக்கு 25 நாளுக்கு 350 தேசிக்காய் வாங்கினால் நாளுக்கு 14. பாடநூலில் இரண்டிலக்க வகுத்தல் வராத தரம் என்றால் இதற்குப் புள்ளி போடாதீர்கள், விளையாட்டாக விட்டுவிடுங்கள்.

பாடசாலை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னர், முதல்நாள் தாளுக்கு இணையான இந்த ஆறையும் கொடுங்கள்: 93 ÷ 3, 85 ÷ 5, 74 ÷ 3, 245 ÷ 7, 535 ÷ 5, 563 ÷ 8. விடைகள்: 31, 17, 24 மீதி 2, 35, 107, 70 மீதி 3. இரண்டு தாளையும் ஒன்றாகப் பின் அடித்துக் கணிதக் கொப்பியின் முதல் பக்கத்தில் வையுங்கள். எந்தப் படியில் பிள்ளை இன்னும் தடுமாறுகிறது என்று வகுப்பாசிரியருக்கு ஒரு வரியில் எழுதியும் விடலாம்.